நாலு இலக்க நம்பர்

ஆபீஸ் போன்களின் இரண்டு இலக்க நம்பர்களை நான்கு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்த அன்று, மேனேஜர் வந்தபோது பன்னிரண்டு நாற்காலிகளும் காலி. பதினோரு மணிக்கு முதலாளி பார்வையிட வருகிறார்.

"எல்லாரும் எங்கம்மா?" என்றார், கைப்பையோடு கிளம்பிய டைப்பிஸ்ட்டிடம்.

"லீவு சார். போன்ல கேட்டோம், நீங்கதானே 'சரி, சரி'ன்னீங்க?"

"நான் இப்பதானேம்மா வரேன்?"

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலாளி வீட்டு போனும் ஆபீஸ் இணைப்புதான்; அதன் புது நம்பரை அழுத்தினார்.

"ஐயா, நாளைக்கு வச்சுக்கலாமா?"

"சரி, சரி."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்த அறையிலிருந்து போன் மெக்கானிக் வந்தார். "வேலை முடியலை சார். யார் எந்த நம்பரை அடிச்சாலும் என் டெஸ்ட் போனுக்குத்தான் வருது. லைன் கேக்குதுன்னு 'சரி, சரி' சொல்லியே வாய் வலிக்குது."

வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது.

மேனேஜர் நிதானமாகப் பையை எடுத்துக்கொண்டார். "எனக்கும் ஒரு லீவு குடுப்பா."