பெயர் தொலைய வேண்டும்

"சார், மறுபடியும் எல்லாம் நல்லாவே இருக்கு" என்றாள் ஜொவிட்டா, இழவுச் செய்தி சொல்கிற குரலில்.

"பேர், தேதி, யாரோட படம்ங்கறது?"

"அப்படியே இருக்கு சார். ஒண்ணுகூடப் போகல."

அம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். தேனாம்பேட்டையில் அந்த மூன்றாம் மாடி அறைக்குள் இருவரும் திங்கட்கிழமையிலிருந்து இதே கூத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கேன் படத்தைப் பதிவு செய்வது, சுவரிலிருந்து பிளக்கை வெடுக்கென்று பிடுங்குவது, மறுபடி செருகி என்ன தொலைந்தது என்று பார்ப்பது. ஊரே கரண்ட் போய்விடக் கூடாதே என்று தவிக்கும்; இவர்களுக்கு அதைப் போக வைப்பதற்குத்தான் சம்பளம்.

காரணம், அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டர். போன மாதம் அங்கே கரண்ட் போய் வந்தபோது நோயாளிகளின் படங்கள் மட்டும் மிஞ்சின. எது யாருடையது, எந்தத் தேதியில் எடுத்தது, ஒன்றும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்கள். படங்களைச் சேமித்து வைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் மெஷினைக் கொடுத்தது இவர்களுடைய கம்பெனி. பழி விழுந்ததோ, படங்களைப் பதிவு செய்கிற அன்வரி பேகத்தின் தலையில். கைதவறி அழித்துவிட்டுக் கரண்டைச் சாக்குச் சொல்கிறாள் என்றது நிர்வாகம். மெஷினே அப்படிச் செய்யும் என்று இன்று மாலைக்குள் காட்டிவிட்டால் அவள் பிழைத்தாள். இல்லாவிட்டால் மெஷினில் குறை இல்லை என்று அம்பி எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

மெஷினை எடுத்து வரப் போன அன்று, அன்வரி பேகம் ஜொவிட்டாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அழுதாள். அந்த முகம் ஜொவிட்டாவைத் தூங்க விடவில்லை.

"பதிவு பண்ணின கையோட பிடுங்கறியோல்லியோ?" என்றார் அம்பி. "மெஷின் படத்தை முதல்ல எழுதிடும். பேர், தேதியெல்லாம் கொஞ்சம் கையில வெச்சிண்டு அப்புறமாத்தான் எழுதும். அந்த இடைவெளியிலதான் அதோட கழுத்தைப் பிடிக்கணும்."

"உடனேதான் சார் பிடுங்கறேன்."

"சரி, இன்னொரு தரம் பாரு."

அம்பி முதுகைக் காட்டிக்கொண்டு ரிப்போர்ட்டில் தலையைக் கவிழ்த்தார். ஜொவிட்டா ஒரு படத்தைப் பதிவு செய்தாள். பிளக்கில் கை வைத்தாள். அலுப்பில் கண்கள் மூடின. உதடு லேசாக அசைந்தது. பிடுங்கினாள்.

"என்ன முணுமுணுப்பு? மெஷினைத் திட்டறியா?"

"இல்ல சார்."

"திட்டு, திட்டு. நானும் மனசுக்குள்ள அதைத்தான் பண்ணிண்டிருக்கேன்."

மறுபடி செருகினாள். எல்லாம் அப்படியே இருந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

"போறும்மா" என்றார் அம்பி. "நாலு மணிக்கு எழுதிக் கொடுத்துடறேன். இல்லாத குத்தத்தை நாம எங்கேர்ந்து கொண்டு வர்றது?"

"அந்தக்கா பொய் சொல்லல சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும் சார்" என்றாள். அதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. கடைசியாக ஒரு தடவை என்று மெஷினின் முன் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"ஜொவிட்டாம்மா, நான்தான், அன்வரி. எதுனா தெரிஞ்சிச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கோம்க்கா."

"வுடும்மா. நீ இன்னா பண்ணுவ. நாளைக்கு வந்து சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. வேலை போனா போவுது. திருடியப் பாக்குற மாதிரி பாக்குறாங்க பாரு, அதான் தாங்கல."

ஜொவிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பதிவு செய்யும் பொத்தானை ஓங்கித் தட்டிய வேகத்திலேயே பிளக்கையும் ஒரே இழுப்பாக இழுத்தாள். மறுபடி செருகிவிட்டு, ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள் திரையைப் பார்த்துக் கூவினாள்.

"சார்! இங்க வாங்க சார்!"

படம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண். தேதி இல்லை. யாருடையது என்பதும் இல்லை.

"அப்பாடா! மாட்டிண்டுதா?" அம்பி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, நீங்க எதையும் அழிக்கலக்கா. இந்தப் பாழாப்போன மெஷின்தான். அப்புறம் கூப்பிடறேன்." அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"அழுகையெல்லாம் அப்புறம். இப்ப என்ன பண்ணினே, அதைச் சொல்லு" என்றார் அம்பி. "திரும்பச் செஞ்சு காட்டினாத்தான் நம்புவா. எதை மாத்தினே?"

"எதையும் மாத்தல சார். அதே படம், அதே பிளக்கு..." நிறுத்தினாள். கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையை அவள் விரல்கள் தேடிப் பிடித்தன.

"என்ன?"

"இந்தத் தடவை மட்டும் ஜெபம் பண்ண மறந்துட்டேன் சார்."

"ஜெபமா?"

"பிடுங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவேன் சார். மாதாவே, இந்தப் பேர் தொலைஞ்சு போகட்டும், அந்தக்கா தப்பிக்கட்டும்னு."

அம்பி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பெயரையும் தேதியையும் எழுதி முடிக்க அந்த மெஷினுக்கு ஐந்து விநாடி போதும். தொலையட்டும், தொலையட்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து அவள் மனமுருகி வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அது ஒன்றுவிடாமல் எழுதி முடித்துக்கொண்டிருந்தது.