சால்வை

அன்றைக்கு மேசையில் இருந்தது பச்சை ஜெல்லியா சிவப்பு ஜெல்லியா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் கலங்கிவிட்டது. படம் குதித்த இடம் மட்டும் மறக்கவில்லை.

அமெரிக்காவின் யூட்டாவில், ஓரெம் ஊரில் எங்கள் தேவாலயச் சபையில், லமாரின் கடையை அறியாத வீடு கிடையாது. படங்களிலுள்ள கெட்ட வார்த்தை, அரைகுறை ஆடை, ரத்தம் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து வெட்டிவிட்டு, குடும்பத்தோடு பார்க்கும்படி வாடகைக்குத் தருவார். 'பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம்' என்று வாசலில் பலகை தொங்கும்.

அவருடைய ஒரே மகள் ஜனலீ, நடிக்கப் போகிறேன் என்று அதற்கு நாலு வருடம் முன்பு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து மாதாமாதம் சபையில் தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்ல எழும்போதெல்லாம் லமார் அழுவார். "அந்த ஊரு என் பொண்ணைக் கெடுத்துடுச்சு. உங்க பிள்ளைங்களை விட்டுடாதீங்க." கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் அழுவோம்.

அந்த வருடம் அவள் ஒரு படத்தில் வந்திருந்தாள். "ரயில் நிலையத்துல ஒரு நிமிஷம் வருவேம்மா. பார்த்துட்டுச் சொல்லு" என்று அம்மா வெர்லாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். குடும்பங்கள் கூடி விருந்துண்ணும் நன்றித் திருநாளுக்கு அவளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று வெர்லா கணவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

லமார் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "வழக்கமா வெட்டுற மாதிரிதான் வெட்டுவேன். என் கத்திக்கு மகள், மத்தவங்கன்னு கிடையாது. வெட்டினதுக்கப்புறமும் படத்துல அவ மிச்சம் இருந்தா, தாராளமா வீட்டுக்கு வரட்டும்."

அதனால்தான் அன்று அத்தனை பேரும் லமார் வீட்டில் கூடியிருந்தோம். வெர்லா காலையிலேயே மகளின் அறையைத் திறந்து படுக்கை விரிப்பை மாற்றியிருந்தாள்.

படத்தில் ஒரு அநாதைச் சிறுமி பனியில் நடந்து நடந்து ரயில் நிலையத்துக்கு வந்தாள். வெர்லா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சிறுமி டிக்கெட் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

படம் குதித்தது.

அடுத்த கணம் சிறுமி ரயிலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு சாம்பல் நிறச் சால்வை.

எங்கள் சபையின் எல்டனுக்கு வாய் சும்மா இருக்காது. "இந்தக் குட்டிக்குச் சால்வை எங்கேருந்து வந்துச்சு? ரயிலுக்குள்ளேயே ஜவுளிக்கடை வெச்சிருக்கானா?" என்றார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

படம் முடியும்வரை ஜனலீ வரவேயில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வெர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் பிடிப்பதைப் போல.

"அவ்வளவு மோசமா, லமார்?" என்று வெர்லா மெதுவாகக் கேட்டாள்.

லமார் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். "வெட்டாத படம் கடையில இருக்கு. வேணும்னா எடுத்துப் பாரு. நான் தடுக்கமாட்டேன். உன் இஷ்டம்."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம். நீ வெட்டியிருக்கேன்னாலே போதும். பெத்தவ கண்ணால அதை வேற பார்க்கணுமா?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது அவள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "பார்த்தோம்மா... ஆமா, எல்லாரும்தான் பார்த்தோம்... இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்த வருஷம் வராதே."

கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். மறுமுனையில் எப்போதோ வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ஜனலீ அந்த வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் வெர்லா இறந்தாள். அடக்கத்துக்கு வந்த ஜனலீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரோடும் பேசாமல் போனாள். எல்டன் தெற்கே மகன் வீட்டோடு போய்விட்டார். பட நிறுவனங்கள் போட்ட வழக்கில் கடை மூடப்பட்டது. லமார் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மதியங்களில் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் அங்கே கூடத்துத் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. வெட்டாத படம். சிறுமி ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும், கிழவர் மனம் நோகக் கூடாதே என்று நான் ரிமோட்டை எடுத்தேன்.

"விடு" என்றார் லமார்.

ஜனலீ வந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நடுங்கும் சிறுமியைப் பார்த்தாள். எழுந்து வெளியே வந்து, தன் சாம்பல் நிறச் சால்வையைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

நான் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தேன். ரயில் புறப்பட்டுவிட்டது.

"பிரதர்... இதுல என்ன தப்பு இருந்துச்சு?"

லமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமே இல்ல. அதனாலதான் வெட்டினேன்."