பின்சீட்டுத் தீர்ப்பு

பின்சீட்டில் முதலாளி மூன்றாவது தடவையாக நெளிந்தார். அந்தச் சீட்டை வடிவமைத்த டிசைனர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குத்துதும்மா" என்றார் முதலாளி. "தொடைக்கு அடியில கல்லு மாதிரி குத்துது."

அந்தத் தொழிற்சாலை முதன்முதலாகச் செய்யும் சொகுசு செடான் அது. வண்டியின் வெளி அழகைச் சுற்றிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது பின்சீட் மட்டும்தான்.

சீட் அவருக்குப் பிடித்தால் இங்கேயே செய்வது. பிடிக்காவிட்டால் வெளிக் கம்பெனியில் வாங்கிக்கொண்டு, சீட் பிரிவையே இழுத்து மூடிவிடுவது. மூடினால் பதினான்கு பேர் வீட்டுக்குப் போகவேண்டும், டிசைனரையும் சேர்த்து.

"சார், இருநூறு பேரை உட்கார வச்சுப் பார்த்துட்டோம். ஆறு மணி நேரம் உட்கார்ந்தவங்ககூட வலிக்கலைன்னுதான் சொன்னாங்க." அவள் அறிக்கையை நீட்டினாள்.

அவர் கையை நீட்டவே இல்லை. "வாங்குறவன் காகிதத்து மேலயா உட்காரப்போறான்? முப்பது வருஷமா இங்கேருந்து எந்த வண்டி போனாலும் நான் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதுதாம்மா. என் உடம்புக்குத் தெரியாதா?"

சுற்றி நின்ற மேனேஜர்கள் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். பாதிச் சம்பளம் அவர்களுக்கு அதற்குத்தான்.

"அரை மணி நேரம் கொடுங்க சார். அடியில இருக்கிற ஃபோமை மாத்திடறேன்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை இறக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எழுபத்தாறு வயது. வெளிநாட்டில் ஆறு மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

டிசைனரும் ஃபோம் வெட்டும் மாஸ்டரும் சீட்டைக் கழற்றிப் பட்டறைக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று வருஷமாக அவள் அந்தச் சீட்டோடுதான் குடித்தனம் நடத்தினாள். "என் முதுகு வலிச்சா என்னன்னு கேக்க மாட்டே, ஊர்ல இருக்கிற முதுகுக்கெல்லாம் உருகுறே" என்று வீட்டுக்காரர்கூடக் கிண்டல் செய்வார்.

மாஸ்டர் ஃபோமில் கத்தியை வைத்தார். "மேடம், இந்த வயசுல என்னை எவன் வேலைக்குச் சேர்ப்பான்? எனக்கு இதை விட்டா வேற எதுவும் தெரியாது."

"பேசாம வெட்டுங்க மாஸ்டர்" என்றாள்.

சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பே சீட் வண்டியில் ஏறியது. முதலாளியும் ஏறினார். எப்படியாவது அவர் மனம் குளிர வேண்டுமே என்று மாஸ்டர் ஓடிப்போய் ஆவி பறக்கும் டீயோடு வந்தார். அங்கேதான் சனி பிடித்தது. கோப்பை சரிந்து, மொத்த டீயும் முதலாளியின் தொடையில் கொட்டியது.

முதலாளி அண்ணாந்து கூரைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கலர் கொஞ்சம் மங்கலா..." என்று ஆரம்பித்தவர், மேனேஜர் "ஐயோ, சார்!" என்று அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"பரவால்ல, விடுய்யா. வேணும்னா கொட்டினே?" கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கும்பிட்டபடி பின்வாங்கினார். டிசைனருக்கோ நெஞ்சு இன்னும் கனத்தது. கொதிக்கிற டீயையே முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்ட மனுஷர், சீட் குத்துகிறது என்றால் கோளாறு சீட்டில்தான் இருக்கவேண்டும். அந்த இருநூறு பேரும் தன் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்லியிருப்பார்களோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

முதலாளி இப்படியும் அப்படியும் அசைந்தார். கண்ணை மூடினார்.

"ம்ஹூம். இப்ப ரொம்ப அமுங்குது. ஒரு மணி நேரம் போனா இடுப்பு பிடிச்சுக்கும்."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"போதும்மா."

"பதினாலு குடும்பம் சார். உங்க கால்ல வேணா விழறேன்."

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா உடம்பு பொய் சொல்லாது" என்றவர், மேனேஜர் பக்கம் திரும்பினார். "சீட் பிரிவை மூடற அந்தப் பேப்பரை என் ரூமுக்குக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

கைத்தாங்கலாகவே அவரை லிஃப்டுக்கு அழைத்துப் போனார்கள். மாஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். டிசைனருக்கு உட்காரத் தோன்றவில்லை. கையெழுத்து விழ இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும்.

வாசலுக்கு ஓடினாள். முதலாளியின் டிரைவர் அவருடைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பதினஞ்சு வருஷமா அவரைக் கூட்டிட்டுப் போறவர் நீங்க. அவர் உடம்புக்கு எப்படிப்பட்ட சீட்தான் ஒத்துக்கும்? அதை மட்டும் சொல்லுங்க, நான் எப்படியாவது செஞ்சு கொண்டுவந்துடறேன்."

டிரைவர் அவளை விநோதமாகப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த சீட்டா இருந்தா என்ன மேடம்? முதுகுல ஆபரேஷன் ஆனதுல இருந்து, இடுப்புக்குக் கீழ ஊசி குத்தினாக்கூட அவருக்குத் தெரியாதே!"