தலைப்பு, நிலை ஒன்று

மூன்றாம் அலகின் முதல் வரியை ரிஃபானா தேர்ந்தெடுத்து, கணினித் திரையின் ஸ்டைல்ஸ் பெட்டியில் 'ஹெடிங் ஒன்று' என்பதை அழுத்தினாள்.

எழுத்து நீலமாகி, கொஞ்சம் பெரிதானது.

அடுத்த தலைப்பைத் தேடிக் கீழே போனாள்.

வரலாற்றுத் துறை அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. கல்லூரிப் பஸ்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து அவளே தட்டச்சு செய்து சேர்த்த பாடக் குறிப்புகள் அவை. காலிங்கராயன் வாய்க்கால், நொய்யல் அணைக்கட்டுகள், கோவைக் குளங்கள். தலைப்பு வரும் இடத்திலெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியிருந்தாள். அச்சடித்துக் கொடுத்தபோதெல்லாம் அழகாகத்தான் இருந்தது.

போன வாரம் அதை பிடிஎஃப் ஆக்கி, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளில் ஓடவிட்டுக் கேட்டாள்.

தலைப்பும் பத்தியும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சாக ஓடின. வாய்க்கால் எங்கே முடிந்தது, குளம் எங்கே தொடங்கியது என்று பிடிபடவில்லை. அடுத்த தலைப்புக்குத் தாவும் விசையை அழுத்தினால், தலைப்பு எதுவும் இல்லை என்றது அந்தக் குரல்.

கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்த ஒன்றுகூடக் கணினிக்குத் தலைப்பாக இல்லை.

அன்றிலிருந்து வகுப்புகள் முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறாள். ஒவ்வொரு வரியாகத் தொட்டு, இது பெரிய தலைப்பு, இது அதற்குள் வருவது என்று சொல்லிக்கொடுத்தாக வேண்டும். குறுக்கு வழி இல்லை. முடித்த அலகை பிடிஎஃப் ஆக்கி மறுபடியும் கேட்பாள். 'தலைப்பு, நிலை ஒன்று' என்று குரல் சொன்னால்தான் அடுத்த அலகைத் தொடுவாள்.

கண் எரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் கல்லாகக் கனத்தன.

இதற்குமேல் கரும்புக்கடையில் இருக்கும் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். ஸ்கூட்டரைப் போன மாதம் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் முதுகுவலி என்று சொல்லியிருந்தாள். கணவர் உவைஸ் அதை நம்பி, தைலம் வாங்கிவந்து தலைமாட்டில் வைத்திருந்தார்.

பக்கத்தில் யாரோ கனைத்தார்கள்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். கிருபாசங்கர், அதே துறையில் அடுத்த மேசைக்காரர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நாற்காலியை ஒட்டி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"ஏனுங்க மேடம், இன்னும் கெளம்பலீங்களா?"

"இந்த அலகு மட்டுமுங்க சார்."

அவர் போகவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் செய்கிறேன் என்று அவள் சொன்னதை, துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் பாராட்டிப் பேசியவர் அவர்தான். இப்போது திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அட்மிஷன் எல்லாம் நான்தானுங்க பாத்தேன். நம்ம டிபார்ட்மெண்ட்ல அப்படி ஒரு புள்ளகூட இந்த வருசம் சேரலீங்களே. யாருக்கோசரம் இப்படி உசுரக் குடுத்துப்போட்டு உக்காந்திருக்கறீங்க?"

அடுத்த வருடம் வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. இதைப்போல எத்தனை பதில்கள். துறைத் தலைவருக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, உவைஸுக்கு ஒன்று. இன்னுமொன்றைச் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"புள்ளைகளுக்கு இல்லீங்க சார்," என்றாள். "பாடம் நடத்தறவளுக்கு."

சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டில்கூட இன்னும் சொல்லாத ஒன்று, பக்கத்து மேசைக்காரரிடம் இவ்வளவு சாதாரணமாக வெளியே வந்துவிட்டது. சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் குறையவில்லை.

"கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைஞ்சு போச்சுங்க. நடுவுல தெரியறது எத்தனை நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியலீங்களாம். அதுக்குள்ள இதை முடிச்சுப்போடோணும்."

கிருபாசங்கர் தோளிலிருந்த பையை இறக்கித் தன் மேசையில் வைத்தார்.

ரிஃபானா திரையின் பக்கம் திரும்பி, அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்தாள்.