மீனுக்கு மூக்கு

அந்தக் கேள்வியில் அவள் கை நின்றுவிட்டது.

கணினித் திரையில் சின்னதாக ஓர் ஆங்கில வாக்கியம். 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ்...' மீன் நாறுகிறது. கோடிட்ட இடத்தில் 'பேட்' வருமா, 'பேட்லி' வருமா?

விடை தெரியும். பயிற்சி வகுப்பில் சுகுமாரன் சார் சொன்னதுதான்.

"மீன் நாறினா பேட். மீனுக்கு மூக்கு இருந்து, அதுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியலைன்னா பேட்லி."

வகுப்பே சிரித்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளும் சிரித்தாள்.

தேர்வு அறையில் ஏசியின் மெல்லிய இரைச்சல். கண் லேசாகச் சொக்கியது.

திரையின் நீல வெளிச்சத்திலிருந்து அந்த மீன் வந்தது. மூக்குள்ள மீன்.

மேசைகளுக்கு நடுவே அவசரமில்லாமல் நீந்தியது. ஒவ்வொருவராக முகர்ந்தது. பவுடர். தேங்காய் எண்ணெய். யாருடைய சட்டையிலோ கஞ்சி.

அவளிடம் வந்து நின்றது.

காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்திருந்தாள். விரலிடுக்கெல்லாம் எலுமிச்சை தேய்த்திருந்தாள்.

மீன் அவள் விரல்களை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது.

யாரோ என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டது.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வயது வரம்புக்குள் இதுதான் கடைசித் தேர்வு.

'பேட்' என்பதை அழுத்தினாள். அடுத்த கேள்வி வந்தது.

வெளியே வாசலை அடைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டம். அம்மா சாலைக்கு அந்தப் பக்கம் மின்கம்பத்தை ஒட்டித் தனியாக நின்றிருந்தாள். காசிமேட்டில் மீன் வியாபாரத்தை முடித்த கையோடு வந்திருக்கிறாள். காலடியில் அன்னக்கூடை.

"ஏம்மா இங்க வந்து நிக்கிற?"

"இங்கதான் காத்து வருது."

அவள் குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். புதுச் சுடிதாரில் ஈரம் இறங்கியது. அம்மா பிடுங்கப் பார்த்தாள். அவள் விடவில்லை.

நடந்தார்கள்.

"கஷ்டமா கேட்டானுங்களா, லூர்து?"

"இல்லம்மா. மீனப் பத்திக்கூட ஒண்ணு வந்துச்சு."

அம்மா நடுத்தெருவில் நின்றேவிட்டாள்.

"இங்கிலீசுலயா? என்ன மீனு?"

அந்த முகத்தையே பார்த்தாள் அவள்.

"வஞ்சிரம்மா."