டீ ஆறுவதற்குள்

அவனுடைய ஞாயிற்றுக்கிழமையின் விலை ஒரு டேங்க் பெட்ரோல். அதை ஊற்றிவிட்டால் போதும், விடியலில் நண்பர்களோடு பைக்கில் கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

நாலு வாரமாக அந்த வியாபாரம் படுத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் இன்ஜினைத் திறந்து, கேம்ஷாஃப்டை உட்கார வைத்து, அதைச் சுற்றும் செயினைப் பல்சக்கரத்தின் குறிக்கு நேராக மாட்டி மூடுகிறான். ஞாயிறு காலையில் வண்டி இருமுகிறதே தவிர எழுந்திருப்பதில்லை.

நேற்றும் திறந்தான்.

"நான் வேணா பார்க்கட்டுமா?" என்றாள் டார்ச் பிடித்திருந்த மனைவி.

"இது வால்வு டைமிங், ஒரு பல் மாறினாலும் வண்டி கிளம்பாது. குக்கர் விசில் இல்ல. பேசாம வெளிச்சத்தைக் காட்டு."

இன்றும் வண்டி இருமியது. வேறு வழியில்லாமல், மெக்கானிக்கான மாமனாருக்கே போன் போட்டான்.

"குறியெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா வச்சேன் மாமா."

"வச்ச கையோட கவரை மூடிட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல, டீ குடிச்சிட்டு வந்து மூடினேன்."

"அதுவரைக்கும் வண்டிகிட்ட யார் இருந்தா?"

"உங்க பொண்ணுதான். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"செயினை ஒரு பல் தள்ளி மாட்டத் தெரியும். உங்க அத்தை கத்துக்குடுத்த வித்தை. நான் அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் வண்டியையே வித்துட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். பிள்ளைகள் அவனுடைய ஹெல்மெட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி டீயோடு நின்றிருந்தாள். அவள் கட்டைவிரல் நகத்தில் இன்ஜின் ஆயில்.

செலவு வாரத்துக்கு ஒரு பல், வரவு நாலு ஞாயிறு. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் லாபம் அவள் பக்கமே நின்றது.