முஸ்கான் காட்டிய பக்கம்

கடைசிப் பெனால்டியை அடிக்க எதிரணியின் ஆறுமுகத்தாய் பந்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

தென் மாவட்ட மகளிர் கிளப் கால்பந்து இறுதி ஆட்டம். டை பிரேக்கரில் கோவில்பட்டி அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. இதைத் தடுத்துவிட்டால் கோப்பை இங்கேயே தங்கிவிடும்.

கோவில்பட்டி அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முஸ்கான் பந்தைப் பார்க்கவில்லை. கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற சுடலைச்செல்வியின் கிளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் வரை அது முஸ்கானின் கையில் இருந்தது. கிளப்பில் உருப்படியாக இருப்பது அந்த ஒரு ஜோடிதான்.

சுடலைச்செல்வி பசுவந்தனையிலிருந்து வந்து சேர்ந்த மறுமாதமே கோச் விஜயராஜ் அதை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டார். பிள்ளை நல்ல உயரம், நீ கொஞ்ச நாள் வெளியே இரு என்று முஸ்கானிடம் சொன்னார். கொஞ்ச நாள் முழு சீசனாகிவிட்டது.

சுடலைச்செல்வி திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் முஸ்கானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளோ அக்கா, அக்கா என்று பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். சொல்லிக்கொடுத்ததை மறுநாளே முஸ்கானைவிட நன்றாகச் செய்துவிடுவாள்.

இன்று அம்மா தௌலத் பேகமும் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். இரண்டாவது பெனால்டியைச் சுடலைச்செல்வி தட்டிவிட்டபோது கூட்டத்தில் எல்லோருக்கும் மேலாக அம்மாவின் குரல்தான் கேட்டது. சுடலை, சுடலை என்று கத்தினாள்.

தன் பெயரை அம்மா அப்படிக் கத்தி முஸ்கான் கேட்டதே இல்லை.

ஆறுமுகத்தாய் கயத்தாறு அணிக்கு ஆடுகிறவள். பள்ளிக்கூடத்தில் முஸ்கானோடு படித்தவள். சாயங்காலமெல்லாம் அவள் அடிக்க, முஸ்கான் தடுக்க, இரண்டு பேரும் கரிசல் புழுதியில் புரண்டு வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள்.

அவள் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று முஸ்கானுக்குத் தெரியும்.

முஸ்கானுக்குத் தெரியும் என்பது சுடலைச்செல்விக்கும் தெரியும். அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

ஆறுமுகத்தாயும் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். முஸ்கானைக் கண்டு லேசாகச் சிரித்தாள்.

முஸ்கான் தன் இடது தோளைத் தொட்டாள். உனக்கு இடப்பக்கம் விழு என்று அர்த்தம். பயிற்சியில் அவளும் சுடலைச்செல்வியும் பேசி வைத்திருந்த சைகை.

விசில் ஒலித்தது.

சுடலைச்செல்வி இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து நேராக அவள் கைக்குள் வந்து விழுந்தது.

கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவந்தது. சுடலைச்செல்வி கோச்சிடம் போகவில்லை. நேரே பெஞ்சுக்கு வந்து முஸ்கானைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அக்கா காட்டின பக்கம்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கோச் முஸ்கானின் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முஸ்கான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சிறந்த கோல்கீப்பர் மெடலை வாங்கிய கையோடு சுடலைச்செல்வி அதைக் கொண்டுவந்து முஸ்கானின் கழுத்தில் போட்டாள். வேண்டாம் என்று முஸ்கான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

அப்போதுதான் ஆறுமுகத்தாய் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் பழைய சிநேகிதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி, நான் எப்பவும் கீப்பருக்கு வலப்பக்கந்தான் அடிப்பேன்னு ஒனக்குத் தெரியும்லா. நீ அங்கன உக்காந்திருக்கதப் பாத்துட்டுத்தான் கடைசி நேரத்துல மாத்துனேன். அதையும் எப்பிடிட்டி கண்டுபிடிச்ச?"

முஸ்கான் தரையைப் பார்த்தாள்.

அவள் தோளில் கிடந்த கையைச் சுடலைச்செல்வி எடுக்கவில்லை. சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.